திறந்து வைக்க ஆளில்லை

மூன்றாவது அமைச்சர் பதவி இழந்தபோது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வானொலியில் செய்தி வந்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தால்தான் என்று என் கணவர் இன்றுவரை நம்புகிறார்.

பெக்கான் சிரேயில் அரசியல் செய்தியை இவ்வளவு பதற்றமாகக் கேட்கிற பழக்கம் முன்பு யாருக்கும் கிடையாது. எவர் எந்தக் கட்சிக்குத் தாவினாலும் காலையில் தின்கிற நாசி லெமாக் சோற்றில் சம்பல் குறையப்போவதில்லை என்று நிம்மதியாக இருந்த ஊர். எங்களுக்கு ஒரு நூலகம் கட்டிக் கொடுத்தார்கள். அதோடு போனது நிம்மதி.

பழைய நூலகம் வெள்ளத்தில் மூழ்கியது. புத்தகங்கள் கூழாகிப் போயின. அதன் பிறகு மாநில வாசிப்பு மேம்பாட்டு வாரியம் செய்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. மண் கொட்டி மேடாக்கினார்கள். புதுக் கட்டடம் எழுப்பினார்கள். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று நான்கு மொழியிலும் புதுப் புத்தகங்களை அடுக்கினார்கள். குளிர்சாதனம் பொருத்தினார்கள். கழிவறையில் சோப்புகூட வாங்கி வைத்தார்கள். பிறகு பூட்டினார்கள்.

ஏன் பூட்டினார்கள் என்று கேட்பவர் வெளிநாட்டுக்காரராக இருக்கவேண்டும். எங்கள் நாட்டில் கட்டடம் கட்டி முடித்தவுடன் திறந்துவிடாது. பிரமுகர் வரவேண்டும். திரைச்சீலையை இழுக்கவேண்டும். சீலைக்குப் பின்னால் அவர் பெயர் பொறித்த கருங்கல் பளபளக்கவேண்டும். கூட்டம் கைதட்டவேண்டும். அதுவரை அது சுவரும் கூரையும்தான், நூலகம் இல்லை.

திறக்க வரவிருந்த அமைச்சர்களில் முதலாமவருக்குக் கல் பொறித்து வந்து இறக்கிய வாரம் அரசாங்கம் கவிழ்ந்தது. இரண்டாமவருக்குக் கல் வந்தது, அவர் பதவியில் அசையாமல் இருந்தார், ஆனால் வாசிப்புத் துறை அவர் கையைவிட்டுப் போய்விட்டது. தாள் மரத்திலிருந்து வருகிறது என்று யாரோ கண்டுபிடித்து, வாசிப்பைத் தோட்டத்துறை அமைச்சரிடம் மாற்றியிருந்தார்கள். அந்தத் தோட்டத்துறைக்காரர்தான் நான் வெங்காயம் நறுக்கியபோது போனவர்.

கற்கள் மிச்சம். அரசாங்கச் சொத்தைத் தூக்கியெறியக் கூடாது, வைத்துக்கொள்ளவும் இடமில்லை. நூலகத்துக்கு எதிரே நாசி லெமாக் கடை போட்டிருக்கும் ரொஹானி, "எங்கிட்ட குடுங்க, பத்திரமா பாத்துக்கறேன்" என்று முதல் கல்லை வாங்கிக்கொண்டாள். அதன்மேல் வாழையிலையை விரித்துத்தான் இப்போது பொட்டலம் மடிக்கிறாள். மாண்புமிகு என்ற எழுத்துக்குமேல் எந்நேரமும் நெத்திலி கிடக்கும்.

"பதவி போனாலும் மனுஷன் மக்களுக்கு உபயோகமா இருக்காரு பாருங்க அக்கா" என்பாள் என்னிடம்.

நான் பாக்கியவதி. ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் தொடர்கதை எழுதுகிறேன். வாரத்துக்கு ஒரு கொலை, கடைசி வரியில் ஒரு காலடிச் சத்தம். அதே பக்கத்தின் அடியில் கட்டம் கட்டி, படித்த புத்தகங்களைப் பற்றியும் நாட்டு நடப்பைப் பற்றியும் ஒரு பத்தி. நூலகம் பூட்டிய பிறகு அந்தப் பத்திக்குப் பஞ்சம் வந்துவிட்டது. ஒரு வாரம் இருமல் மருந்தோடு வந்த தாளைப் பற்றி எழுதினேன். நடை நன்றாக இருந்தது என்று வாசகர் ஒருவர் பாராட்டினார். மருந்துக் கம்பெனியின் நடையைச் சொன்னாரா, என் நடையையா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நானாவது வாய் விட்டுப் புலம்புகிற ஜாதி. அங்கிள் சியூ அப்படி இல்லை. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இடது கண் பார்வை போய்விட்டது. வலது கண்ணும் ஓரத்திலிருந்து இருண்டுகொண்டே வருகிறது, நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பழைய நூலகத்தில் ஒரு சீனப் போர் வரலாற்றைப் பாகம் பாகமாகப் படித்துக்கொண்டிருந்தார். தளபதி ஒருவன் கோட்டைக்குள் மாட்டிக்கொள்கிறான், சுற்றிலும் எதிரிப்படை. பாகம் முடிந்தது. அன்றிரவு வெள்ளம்.

இப்போது தினமும் காலையில் வந்து, புது நூலகத்தின் சன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்ப்பார். அடுத்த பாகம் சிவப்பு அட்டையில் மூன்றாவது அலமாரியில் இருந்தது.

"போன்ல தேடினா அவன் பொழைச்சானா செத்தானான்னு ஒரு நொடியில தெரிஞ்சிடும் அங்கிள்" என்றேன் ஒருநாள்.

"தெரிஞ்சு?" என்றார். "நான் ஈப்போவுக்கு லாரி ஓட்டினவன் பாக்கியம். ஈப்போ எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். அதுக்காக வண்டி எடுக்காம இருந்தேனா?"

பிறகு கண்ணாடியில் படிந்த தன் மூச்சைச் சட்டைக்கையால் துடைத்தார். "கண்ணு எந்த அமைச்சருக்காகவும் காத்திருக்காது லா."

அந்த வாரம் என் கட்டத்தில் இதை எழுதினேன். பெயர் போடவில்லை. புத்தகம் உள்ளே, வாசகர் வெளியே, நடுவில் ஒரு கண்ணாடி, இதற்குப் பெயர் வாசிப்பு மேம்பாடா என்று மட்டும் கேட்டேன்.

வாரியம் உடனே நடவடிக்கை எடுத்தது. எனக்கு விருது கொடுக்க முடிவு செய்தது.

செய்தியைக் கொண்டுவந்தவர் குணாளன், வாரியத்தின் நிகழ்ச்சிப் பிரிவுத் துணை இயக்குநர். பாத்தேக் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் பழக்கூடை. பழங்களுக்குமேல் பளபளக்கும் தாள் சுற்றியிருந்தது. அதையும் யாராவது திறந்து வைத்தால்தான் சாப்பிடலாமோ என்று ஒரு நொடி யோசித்தேன்.

"உங்களுக்கு 'வாசிப்புச் சுடர்' பட்டம் கா" என்றார். "திறப்பு விழா மேடையிலயே. இந்தத் தடவை அமைச்சர் கிடையாது. எங்க வாரியத் தலைவர் டத்தோ கருணைவேல் அவரே திறக்கறாரு. அமைச்சருங்க மாறுவாங்க, வாரியத் தலைவர் மாறமாட்டாரு."

"கதவு எப்ப தம்பி திறக்கும்?"

"விழா முடிஞ்ச உடனே. ஆனா ஒண்ணு." கூடையை என் பக்கம் நகர்த்தினார். "விழா வரைக்கும் நீங்க இதைப் பத்தி எழுதாம இருந்தா வாசிப்புக்கு நல்லது."

"எழுதாம இருந்தா வாசிப்புக்கு நல்லதா?"

"ஆமா கா. எழுத்தாளருங்க அமைதியா இருக்கற ஊர்லதான் வாசிப்பு ஒழுங்கா வளருது. நாங்க ஆய்வே பண்ணியிருக்கோம்."

விழா முடிந்த நிமிடம் கதவு திறந்திருக்கவேண்டும் என்றேன். கண்டிப்பாக என்றார். அங்கிள் சியூவின் கண்ணை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். என் பத்தியில் மறுபடி இருமல் மருந்து வந்தது.

ஏற்பாட்டுக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பூக்குழு, உணவுக்குழு, நினைவுப்பரிசுக் குழு, வரவேற்பு விளிப்புக் குழு என்று ஆளாளுக்கு ஒரு குழு. யார் பெயருக்கு முன்னால் டத்தோ முதலான எந்தப் பட்டம், எந்தப் பட்டத்துக்குப் பின்னால் எந்தப் பெயர் என்று விளிப்புக் குழு மட்டும் தனியறையில் உட்கார்ந்து சண்டை போட்டது. புகை கிளப்பவும் ஒரு குழு இருந்தது. எங்கள் ஊர்த் திறப்பு விழாக்களில் வெறுமனே சீலையை இழுத்தால் போதாது, பார்ப்பவர்கள் ஆ என்று வாயைப் பிளக்கிறமாதிரி ஒரு வித்தை வேண்டும். இங்கே ஆள் உயரத்துக்கு ஒரு தெர்மக்கோல் புத்தகம். டத்தோ உள்ளங்கையை அட்டையில் வைத்தால் புத்தகம் பிளந்து, உள்ளிருந்து வெண்புகை வரும்.

"புத்தகத்துக்குள்ள என்ன எழுதியிருக்கு?" என்றேன்.

புகைக்குழுத் தலைவர் குழப்பமாகப் பார்த்தார். "புகை வரும் கா" என்றார்.

"பள்ளிப் பிள்ளைங்க எல்லாரும் ஒரே நேரத்துல புத்தகம் படிக்கப்போறதா அழைப்பிதழ்ல போட்டிருக்கே. என்ன புத்தகம்?"

குணாளன் பொறுமையாக விளக்கினார். "புத்தகங்க உள்ள இருக்கு. நூலகம் இன்னும் திறக்கல. அதனால பிள்ளைங்க கையில அட்டைப்பெட்டி. வெளியில புத்தகம் மாதிரி படம் ஒட்டிட்டோம். மேலேர்ந்து புகைப்படம் எடுக்கறப்ப வித்தியாசம் தெரியாது."

எங்கள் இலக்கிய உலகத்தில் எனக்கு இது புதிதில்லை. நூல் வெளியீடுகளில் வருகிறவர்கள் நூலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் திறப்பார்கள். தண்ணீர்ப் போத்தல், கைப்பேசி, குடை, வாய். உண்மையான வாசகர் மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். புகைப்படத்தில் விழவே மாட்டார். அதனால்தான் அப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்பதற்கு வாரியத்திடம் ஆதாரம் கிடையாது.

விழாவுக்கு முதல் நாள் ஒத்திகை. டத்தோவின் இடத்தில் யாராவது நின்று பார்க்கவேண்டும். சன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றவர் அங்கிள் சியூ மட்டும்தான். அவரையே கூட்டி வந்தார் குணாளன்.

அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக அங்கிள் சிவப்புக் கம்பளத்தில் நடந்தார். கொம்பாங் மேளம் முழங்கியது. நாதஸ்வரம் ஊதியது. குணாளன் இடுப்பு வளைத்துக் கும்பிட்டு, "டத்தோ, இந்தப் பக்கம் டத்தோ" என்று அழைத்துப்போனார். அட்டையில் கையை வைத்தார் அங்கிள். புகை வந்தது. சீலையை இழுத்தார். கல் பளபளத்தது.

"சரி, திறந்தாச்சு. இப்ப உள்ள போலாமா?" என்றார்.

"இல்ல அங்கிள், அது நாளைக்குத்தான். ஒத்திகையில திறந்தது மாதிரி."

"நீ இப்ப கும்பிட்டியே, அது?"

"அதுவும் மாதிரிதான்."

அங்கிள் தலையாட்டினார். "எல்லாம் மாதிரி. கண்ணு போறது மட்டும் நிஜம் லா" என்றார். குணாளன் சீலையை மறுபடி கல்லின்மேல் போட்டு மூடினார்.

மறுநாள் பெரிய கூடாரம். முன்வரிசையில் சாய்வு நாற்காலிகள், பின்னால் பிளாஸ்டிக், அதற்கும் பின்னால் வெயில். டத்தோ உள்ளே சுற்றிப் பார்க்கும்போது வேர்க்கக் கூடாதென்று காலையிலேயே நூலகக் கதவைத் திறந்து குளிர்சாதனத்தைப் போட்டிருந்தார்கள். வாசலில் சிவப்பு நாடா. அதன் இருபுறமும் காவலர்கள். கதவுவழியாக வந்த குளிர்காற்று மேடையில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் கொஞ்சம் அடித்தது. தோளில் 'வாசிப்புச் சுடர்' என்று பொன்னெழுத்துப் பட்டி. பிளாஸ்டிக் வரிசையில் அங்கிள் சியூ பூதக்கண்ணாடியோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

விளிப்புகள் முடிவதற்குள் ஒரு பிள்ளை மயங்கி விழுந்து, எழுந்து, தண்ணீர் குடித்து, மறுபடி வரிசையில் வந்து நின்றது. பிறகு டத்தோ கருணைவேல் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நான் உண்மையைச் சொல்றவன்" என்று ஆரம்பித்தார். "நான் புத்தகம் படிக்கறதில்ல. எனக்கு நேரம் கிடையாது. எனக்காகப் படிக்கறதுக்கு மூணு அதிகாரிங்களை வச்சிருக்கேன். பிள்ளைங்களா, நீங்களும் ஒருநாள் படிக்கவே வேண்டாத நிலைமைக்கு வரணும். அதுக்கு இப்ப நல்லா படிக்கணும்."

முன்வரிசை கைதட்டியது.

"சில பேரு கேக்கறாங்க, இந்த நூலகத்தை ஏன் இத்தனை நாள் பூட்டி வச்சீங்கன்னு." என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "ஏன்னா நாங்க புத்தகத்தை மதிக்கறோம். யாரும் தொடாததால ஒரு புத்தகம்கூட அழுக்காகல. ஒரு புத்தகம்கூடக் காணாமப்போகல. இந்த மாநிலத்துலயே மிகச் சிறப்பா நிர்வாகம் பண்ண நூலகம் இதுதான்னு போன மாசம் எங்களுக்குக் கேடயம் குடுத்திருக்காங்க."

மறுபடி கைதட்டல்.

"ஆகவே, இந்த இனிய வேளையில், பெக்கான் சிரே நூலகத்தை அதிகாரப்பூர்வமாக"

அங்கே நின்றார். பின்னாலிருந்து உதவியாளர் வந்து அவர் காதில் கிசுகிசுத்தார். கைப்பேசியைக் காட்டினார். டத்தோ படித்தார். நான் அறிய அவர் படித்த முதல் எழுத்து அதுதான். அதே நேரம் கூடாரம் முழுக்கக் கைப்பேசிகள் முணுமுணுக்க ஆரம்பித்தன. மாநில ஆட்சி மாறிவிட்டது. எல்லா வாரியத் தலைவர்களும் அந்த நிமிடம் முதல் நீக்கம்.

டத்தோ ஒலிவாங்கியைக் குணாளன் கையில் கொடுத்தார். குணாளன் அதை வாங்கிக்கொண்டார், ஆனால் இடுப்பு வளையவில்லை. டத்தோ கார் கிளம்பியது. முன்வரிசையில் பாதி அவர் பின்னால் போனது. மீதி, புதிதாக வரப்போகிறவர் யார் என்று விசாரிக்கப் போனது. யாரும் கை வைக்காமலே தெர்மக்கோல் புத்தகம் திறந்து, புகை வந்து, அடங்கியது.

குணாளன் தலைமையகத்தோடு பேசிவிட்டு, காவலர்களைப் பார்த்துச் சொன்னார்: "கதவைச் சாத்துங்க. புதுத் தலைவர் வர்ற வரைக்கும் பூட்டு."

"எப்ப வருவாரு தம்பி?" என்றேன்.

"நியமிக்கணும் கா. அப்புறம் தேதி வாங்கணும். கல் பொறிக்கணும். அடுத்த மழைக்குள்ள பாக்கலாம்."

அங்கிள் சியூ பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். வீட்டுப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினார். கம்பளத்தின் விளிம்பு அவருக்குத் தெரியவில்லை. கால் தடுக்கியது. பக்கத்திலிருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்துக்கொண்டார்.

கதைகளில் நான் நிறையப் பேரைக் கொன்றிருக்கிறேன். ஒருமுறைகூட இவ்வளவு கோபம் வந்ததில்லை.

பட்டியைக் கழற்றி நாற்காலியில் வைத்தேன். மேடையிலிருந்து இறங்கி, அங்கிளின் முழங்கையைப் பிடித்துத் திருப்பினேன். "வாங்க அங்கிள்."

"எங்க?"

"ஈப்போவுக்கு."

சிவப்பு நாடாவை வெட்டவில்லை. கதவைச் சாத்துமுன் குனிந்து அதன் அடியில் நுழைந்தோம். காவலர்களுக்கு நாடாவை வெட்டுகிறவர்களைத் தடுக்கத்தான் உத்தரவு இருந்ததோ என்னவோ, பார்த்துக்கொண்டே நின்றார்கள். பின்னால் ரொஹானி வந்தாள். அவள் பின்னால் அட்டைப்பெட்டிகளைக் கீழே போட்டுவிட்டுப் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள்.

உள்ளே குளிர். புதுத் தாளின் வாசம். அங்கிள் மூன்றாவது அலமாரிக்கு யார் உதவியும் இல்லாமல் போனார். எத்தனையோ காலையாகக் கண்ணாடிவழியாக மனப்பாடம் செய்த பாதை. சிவப்புப் புத்தகத்தை எடுத்து, வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை முதல் வரியின்மேல் வைத்தார்.

குணாளன் ஓடி வந்தார். "எல்லாரும் வெளிய போங்க. திறக்காத நூலகத்துக்குள்ள பொதுமக்கள் இருக்கக் கூடாது."

"கொஞ்சம் மெதுவா பேசுங்க சார்" என்றாள் ரொஹானி, கையிலிருந்த காதல் நாவலிலிருந்து தலையைத் தூக்காமல். "படிக்கறோம்ல."

அவர் குரல் தானாகக் கிசுகிசுப்பாக மாறியது. "அக்கா, நீங்களாவது சொல்லுங்க. என் வேலை போயிடும்."

"வெளியேத்துங்க தம்பி, தாராளமா" என்றேன். நான் ஒரு கொலைக்கதையில் இரண்டாம் பக்கத்தில் இருந்தேன். "வெளியேத்தினா தலைமையகத்துக்கு எழுதணும். என்ன எழுதுவீங்க?"

"பொதுமக்கள் அத்துமீறி உள்ள நுழைஞ்சு..."

"நுழைஞ்சு?"

"உட்கார்ந்து..."

"உட்கார்ந்து என்ன பண்ணாங்க?"

வாயைத் திறந்தார். அந்தச் சொல் வெளியே வரவில்லை.

"நான் சொல்றேன்" என்றேன். "படிச்சாங்க. வாசிப்பு மேம்பாட்டு வாரியம், படிச்சவங்களைப் பிடிச்சு வெளிய தள்ளிச்சு. ஞாயிற்றுக்கிழமை அதையே நானும் எழுதறேன். ரெண்டு பேரு எழுதறதும் ஒத்துப்போகணும் பாருங்க."

"நீங்க அமைதியா இருக்கறதா வாக்கு குடுத்தீங்க."

"விழா வரைக்கும்னு சொன்னீங்க. விழா முடிஞ்சிருச்சு. கதவு திறந்திருக்கணும்னு நான் சொன்னேன். திறந்திருக்கு."

"ஆனா யாரும் திறந்து வைக்கலையே கா." அவர் குரலில் உண்மையான வேதனை இருந்தது. "கல்லுல யார் பேரைப் போடறது?"

நான் பக்கத்தைப் புரட்டினேன். நானூறு புத்தகம் தாண்டி எங்கோ ஒரு பிள்ளை எதையோ படித்துச் சிரித்தது. காவலர்களைத் தேடித் திரும்பினார் குணாளன். ஒருவர் மோட்டார்சைக்கிள் பத்திரிகையோடு ஒரு நாற்காலியில் இருந்தார். இன்னொருவர் அந்தப் பத்திரிகை தன் முறைக்கு வரக் காத்துக்கொண்டிருந்தார்.

கைப்பேசி அதிர்ந்தது. குணாளன் பார்த்தார், எடுக்கவில்லை. யார் தலைவர் என்றே தெரியாத ஒரு பிற்பகலில் யாருக்குக் கீழ்ப்படிவது என்று அவருக்குப் புரியவில்லை. நின்று நின்று கால் வலித்து, கடைசியில் வாசலருகே இருந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். நூலகரின் மேசை அது. உட்கார்ந்த பிறகு அவர் முகம் கொஞ்சம் மாறியது. ஒரு பெண்பிள்ளை வந்து, டைனோசர் புத்தகம் எங்கே என்று கேட்டது. கையை நீட்டிக் காட்டினார்.

அங்கிள் சியூ ஒரு பக்கத்துக்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார். உதடுகள் அசைந்தன. இடையில் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்து, "தண்ணி தீர்ந்துபோச்சு, குதிரையைக் கொல்லப்போறானுங்க" என்று கவலையோடு சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார்.

வெளியே கூடாரத்தைப் பிரித்தார்கள். நாற்காலிகளை அடுக்கினார்கள். சன்னலில் வெயில் மஞ்சளானது. குணாளன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"அஞ்சாகப்போகுது" என்றார், மெதுவான குரலில். "மூடற நேரம்."

யாரும் அசையவில்லை. அவரையே பார்த்தோம்.

"நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பீங்க?" என்றேன்.

"ஒன்பதுக்கு."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. கதவைப் பார்த்தார், சீலை மூடிய கல்லைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். திரும்ப எடுத்துக்கொள்ள நேரம் கொடுத்தோம். எடுத்துக்கொள்ளவில்லை.

"வெள்ளிக்கிழமையும்தானே?" என்றாள் ரொஹானி.

குணாளன் கழுத்திலிருந்த அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை பன்னண்டே காலுக்கு மூடி ரெண்டே முக்காலுக்குத் திறப்போம்" என்றார். "தொழுகை நேரம்."

அதன் பிறகுதான் நாங்கள் எழுந்தோம்.